சாம்பிராணி கண்டுபிடித்த வியாதி

விஞ்ஞான உலகத்துக்கு நானும் ஒரு கண்டுபிடிப்பைக் கொடுத்திருக்கிறேன். அது ஒன்பது நாள் உயிரோடு இருந்தது.

மாமல்லபுரம் போகும் ஈ.சி.ஆர். சாலையில் ஒரு பொது ஆய்வகம். சொந்தமாகப் பெரிய மிஷின் வாங்க வக்கில்லாத கல்லூரிகள் சாம்பிள் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளும் இடம். ரத்தத்தில் எந்தப் பொருள் எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டும் மிஷினுக்கு நான்தான் ஆபரேட்டர். (கோடுகளுக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டத் தெரியும்.)

மேகலா செங்கல்பட்டிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. படாளம் பக்கத்து வயல்வேலைப் பெண்கள் நாற்பது பேரிடம், சர்க்கரை என்று தெரிந்து மாத்திரை தொடங்கும் முன்பே, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்திருந்தாள். மாத்திரை உள்ளே போய்விட்டால் அந்த ரத்தம் மறுபடி கிடைக்காது. அவளுடைய பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

ஆயுத பூஜைக்கு லீவு என்பதால் ஆய்வகத்தில் முதல்நாளே பூஜை. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததையெல்லாம் டியூப்களில் மூடியில்லாமல் உலர வைத்துவிட்டு, "சார், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று மேகலா சாப்பிடப் போனாள். நான் மிஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டேன்.

"இன்னா சார், ஏசி ரூமு. பொகை எங்க போவும்?" என்றார் செக்யூரிட்டி குமார்.

"போவாட்டி நல்லதுதான்யா. மிஷினுக்குத் திருஷ்டி கழியட்டும்" என்றேன். (கழிந்தது.)

லீவு முடிந்து சாம்பிள்களை மிஷினில் ஓட்டினோம். நாற்பது சாம்பிளிலும் ஒரே இடத்தில் கோபுரம் மாதிரி ஒரு கோடு. சர்க்கரை நோயில் இதுவரை யாரும் பார்க்காதது என்று மேகலா அழுதேவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க, ரத்தமே சேர்க்காமல் கூடவே உலர வைத்த டியூபையும் ஓட்டவேண்டும் என்றாள். "வெறும் டியூப எதுக்கும்மா ஓட்டிகினு?" என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஒன்பதாம் நாள் அவளுடைய பேராசிரியர் வற்புறுத்தி ஓட்டவைத்தார். வெறும் டியூபிலும் அதே கோபுரம்.

"சார், பூஜை அன்னிக்கு இந்த ரூம்ல இன்னா பண்ணீங்க?" என்றாள் மேகலா.

சொன்னேன். சாம்பிராணியில் இருக்கும் ஓர் அமிலம்தான் அந்தக் கோபுரம். அவள் ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாதவர்கள் சிலராவது இருப்பார்கள் என்ற நப்பாசையில் இருவரும் படாளம் போனோம். நம் ஊரில் ஒழுங்காக மாத்திரை போடுகிறவர்களை அன்றைக்குத்தான் மொத்தமாகப் பார்த்தேன். கடைசி வீட்டில், ரத்தம் கொடுத்தவளின் புருஷன், ஒரு பெரியவர் மட்டும் இருந்தார்.

"அவ போயி ஒரு மாசம் ஆவுதும்மா. மாரடைப்பு" என்றார் மேகலாவிடம். பிறகு, "அந்த ரத்தத்துல இன்னா இருந்துதுனு தெரிஞ்சிதா?" என்று கேட்டார்.

மேகலா என்னைப் பார்த்தாள். "நல்ல ரத்தம்ங்க" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

மேகலா வேறு பெண்களிடம் ரத்தம் எடுத்து, இரண்டு வருடம் கழித்துப் பட்டம் வாங்கினாள். எங்கள் வீட்டு விசேஷங்களில், "ஒரு வியாதியவே கண்டுபிடிச்ச மனுஷன்" என்று என் மனைவி இன்றும் ஆரம்பித்துவிடுகிறாள். வெறும் டியூப் வரைக்கும் சொல்வாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நானும்தான். படாளம் போனதை மட்டும் நான் அவளிடம் சொன்னதில்லை.