அடிவரிக்கு ஃப்ரெஞ்சு தெரியும்

"இங்கிலீஷ் வசனப் பிரதி எப்ப சார் வரும்?" என்று அடிவரி நாலாவது முறையாகக் கேட்டபோது, முதலாளி பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அது எதுக்குய்யா உனக்கு? ஃப்ரெஞ்சுப் படத்த ஃப்ரெஞ்சு தெரிஞ்சவன்கிட்டதானே குடுத்திருக்கேன். காதால கேட்டு எழுது."

அலுவலகத்தில் அவருக்கு அடிவரி என்றுதான் பெயர். வெளிநாட்டுப் படங்களை வாங்கி, வீட்டில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்குகளாக வெளியிடும் சிறிய கம்பெனி அது. திரையின் அடியில் ஓடுகிற தமிழ் வரிகளை எழுதுவது அவர் வேலை. ஒன்பது வருடமாக இங்கிலீஷ் படங்களுக்கு ஒரு குறையும் இல்லாமல் எழுதி வந்தவர்தான். வேலைக்குச் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் கோடு கொஞ்சம் நீளமாக இருந்தது. இரண்டு மொழியோடு நிறுத்தினால் மொட்டையாகத் தெரிகிறதே என்று ஃப்ரெஞ்சையும் சேர்த்து வைத்தார். ஒன்பது வருடம் கழித்து அதை ஒருவர் எடுத்துப் படிப்பார் என்று யார் கண்டது?

படம் முந்நூறு வருடத்துக்கு முந்தைய ராஜா காலத்துக் கதை. ஒரு கோட்டை. அதைச் சுற்றி அகழி. அகழிக்குள் எருமைத் தலையும் உடும்பு உடம்புமாக ஒரு ராட்சச மிருகம். அதை ஒழிக்க வருகிறவர் ஊர் ஊராகப் போய்ப் பல் பிடுங்குகிற வைத்தியர். பார்க்கச் சாதுவாக இருக்கிற மனிதர், பத்தாவது நிமிடத்தில் அங்கியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் எகிறி ஏழு பேரைக் காலால் உதைக்கிறார். அந்தக் காலத்து ஃப்ரெஞ்சுக்காரருக்குக் குங்ஃபூ எப்படித் தெரியும் என்பதைப் படத்தில் யாரோ விளக்கமாகவே சொன்னார்கள். அடிவரிக்குத்தான் பிடிபடவில்லை.

அவருக்குத் தெரிந்த ஒரே ஃப்ரெஞ்சுச் சொல், நன்றி சொல்கிற 'மெர்சி'. அதையாவது பிடித்துக்கொண்டு கரையேறலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூட மெர்சி சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் நன்றி கெட்டவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் திட்டவில்லை. மடித்த துணிகளை நகர்த்தி அவருக்கு உட்கார இடம் கொடுத்தாள். திரையில் கோட்டைத் தலைவரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் மனைவி. "'எத்தன மணிக்கு வரேன்னு சொன்னீங்க, இப்ப மணி என்ன'ங்கறா. எழுதுங்க."

"அதுக்கு அவர் என்ன சொல்றார்?"

"என்னத்தச் சொல்வார்? வாயத் திறக்கறதுக்குள்ளதான் அடுத்தத கேட்டுட்டாளே."

அடுத்த ஞாயிறு முடிவதற்குள் படம் முழுவதும் ஒப்பேறிவிட்டது. குங்ஃபூ விஷயத்துக்கு, வைத்தியரின் தாய்மாமன் கப்பலில் வேலை பார்த்தபோது கிழக்கே போய்க் கற்றுக்கொண்டு வந்து சொல்லிக் கொடுத்தார் என்று அடிவரியே ஒரு மாமாவை உண்டாக்கினார். மிருகத்தின் உறுமலுக்கும் மனைவி ஒரு வரி வைத்திருந்தாள். அது வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

முதலாளி படத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் ரசித்தார். தொழில் விஷயமாக ஃப்ரான்சில் இரண்டு வருடம் இருந்தவர் என்பது அவரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் வாரம் ஒருமுறை நினைவூட்டப்படுகிற செய்தி. வசனம் காதில் விழும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வந்தவர் போலத் தலையை ஆட்டினார். படம் முடிந்ததும், அந்தக் கோட்டைக்காரி பேச்சை அச்சு அசலாக இறக்கியிருக்கிறாய் என்று அடிவரியின் முதுகில் தட்டினார். அட்டையில் 'ஃப்ரெஞ்சிலிருந்து நேரடியாக' என்று போடப் போவதாகவும், அதற்கு ஒரு ஃப்ரெஞ்சு டீச்சரிடம் கையெழுத்து வாங்கப் போவதாகவும் சொன்னார்.

இது முந்நூறு வருடத்துப் பழைய ஃப்ரெஞ்சு, இன்றைக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு விளங்காது என்று அடிவரி ஒரு தடுப்புப் போட்டுப் பார்த்தார். முதலாளி அதை அப்படியே டீச்சரிடம் போய்ச் சொன்னார். வீட்டிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கக்கூடிய அந்த அம்மாள், ரோஷம் வந்து மறுநாள் காலையில் சிவப்புப் பேனாவோடு நேரிலேயே வந்து இறங்கிவிட்டார்.

நடுவில் எழுந்திருக்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தார். பக்கத்தில் அடிவரி, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் போல நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். குங்ஃபூ கட்டம் வந்தபோது டீச்சர் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இங்க தாய்மாமன்னு போட்டிருக்கீங்களே, தப்பு. அந்த வார்த்தைக்குப் பெரியப்பான்னுதான் அர்த்தம்."

அடிவரிக்கு உடம்பு சிலிர்த்தது. தானாக உண்டாக்கிய ஒரு சொந்தக்காரர், ஓர் உறவுமுறை மட்டும் மாறி, நிஜமாகவே படத்துக்குள் இருந்திருக்கிறார். சிறு வயதில் யாராவது நம்மிடம் ஃப்ரெஞ்சு பேசியிருப்பார்களோ என்றுகூட ஒரு கணம் யோசித்தார். மாமாவைப் பெரியப்பா ஆக்கிவிட்டு, இன்னும் இரண்டு இடத்தில் 'போ'வைப் 'போங்கள்' என்று திருத்திவிட்டு, டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டிருந்தால் அடிவரியும் பிழைத்திருப்பார். முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வெளியீட்டுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். ஃப்ரெஞ்சு படிக்கிறவர்கள் நாற்பது பேர் வருவார்கள், படத்தைப் பற்றி அடிவரி ஃப்ரெஞ்சிலேயே பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அழைப்பிதழே அடித்துவிட்டார்.

மனைவி அந்த அழைப்பிதழை இரண்டு தரம் படித்தாள்.

"இதுக்கு மேல என்னால எழுதிக் குடுக்க முடியாது," என்றாள். "போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க. வேல போனா வேற தேடிக்கலாம். அத்தன பேர் முன்னால நீங்க முழிச்சிக்கிட்டு நிக்கறத என்னால பாக்க முடியாதுங்க."

மறுநாள் அவர் முதலாளியின் அறைக்குப் போனபோது டீச்சரும் அங்கே இருந்தார். அதுவும் நல்லதுதான், ஒரே அவமானத்தோடு போகும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். விண்ணப்பத்தில் எழுதிய பொய், ஞாயிற்றுக்கிழமைகள், மனைவியின் வசனம், இல்லாத மாமா, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது.

முதலாளி வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"எனக்கு மொத நாளே தெரியும்யா. ரெண்டு வருஷம் அந்த பாஷையிலயே மூச்சு விட்டவன் நான். ஒரு வரி கேட்டா தெரியாதா? நீயா வந்து சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எனக்கு மட்டும் தெரியாதா?" என்றார் டீச்சர். "இருபத்தேழு எடத்துல அர்த்தமே வேற. குடும்பஸ்தராச்சே, வேல போயிடுமேன்னு மூணே மூணத் திருத்திட்டு விட்டேன். ஒரு பாஷைய நம்பிப் பொழைக்கறவங்களுக்கு நாணயம் வேணும் சார்."

அடிவரியின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனசுக்காரர்களையா இத்தனை நாள் ஏமாற்றினோம் என்று குறுகிப்போனார். திங்கட்கிழமையிலிருந்து டீச்சரின் வகுப்பில் சேர்ந்து, முதல் பாடத்திலிருந்து ஃப்ரெஞ்சு படிப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. முதலாளி கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டிவிட்டு கோடவுன் பொறுப்பாளர் ஒரு பார்சலும் கடிதமுமாக உள்ளே வந்தார்.

"படம் குடுத்த வெளிநாட்டுக் கம்பெனி மன்னிப்பு கேட்டு வேற டிஸ்க் அனுப்பியிருக்காங்க சார். போன தடவ மாத்தி அனுப்பிட்டாங்களாம். ஃப்ரெஞ்சு இதுலதான் இருக்காம், அது ஹங்கேரி பாஷையில டப் பண்ணினதாம்."