யாகத்தீயை அணைத்தவன்

அறுபது வயது வரை நான் கோயிலுக்குப் போனதெல்லாம் பொங்கலுக்காகத்தான். (சர்க்கரைப் பொங்கல், பண்டிகை அல்ல.) விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் போர்மேனாக இருந்தவன் நான். பொறி எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு. அதற்கு மேல் சாமி கும்பிட நேரமும் இல்லை, தோன்றவும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் சிக்கல். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கேஸை மூடினாயா, மூடினாயா என்று மனைவி சண்முகத்தாயை நச்சரித்தேன். மூன்றாவது மாதம் அவள், "அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஆள் வேணுமாம், போங்க. ஒங்களுக்கு இல்லாட்டியும் எனக்கு நிம்மதி கெடைக்கும்" என்று அனுப்பி வைத்தாள்.

யாகசாலையில் குருக்களுக்கு நெய் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. கடைசி நாள் காலை அவர் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டார். தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. பிறகு நடந்ததை என் கைதான் செய்தது. பக்கத்திலிருந்த குடத்தைத் தூக்கி, ஒரு சொட்டு வீணாக்காமல் ஊற்றினேன். (கூரை தகரம், ஓலை அல்ல என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.)

தீ சுத்தமாக அணைந்தது. நாதஸ்வரம் நின்றது. குருக்களின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது கோபுரக் கலசத்துக்கு ஊற்றுவதற்காகக் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைத் தீர்த்தம் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

என்னிடம் பேக்கிங்கில் வேலை பார்த்த பேச்சியம்மாள் கூட்டத்திலிருந்து எழுந்து வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் மூடி பற்றவைத்த சின்னக் காசிச் சொம்பு. உயிர் போகும் நேரத்தில் வாயில் விடுவதற்கென்று வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கும் கங்கைத் தண்ணீர்.

"பேச்சி, அது ஒன் கடைசி நேரத்துக்குன்னு வச்சிருக்கது" என்றேன்.

"எனக்கு இப்ப என்ன அவசரம் அண்ணாச்சி? பெறகு பாத்துக்கிடலாம்."

அவளைப் பார்த்து இன்னும் எட்டுப் பத்து வீட்டுச் சொம்புகள் வந்து சேர்ந்தன. குருக்கள் மறுபடி தீ வளர்த்தார். என்னிடம், "உக்காருங்க. கைய மட்டும் கட்டிக்கிடுங்க" என்றார்.

கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நெருப்பை விரட்டியே பழகிய நான், அன்றுதான் அதை நிதானமாகப் பார்த்தேன். தன் சாவுக்கு வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டு, பேச்சியம்மாள் எதிரே நிம்மதியாகக் கண்மூடி இருந்தாள். அவள் யாரை நம்பி அப்படி இருக்கிறாளோ, அவரை நானும் கும்பிட்டு வைத்தேன்.

அவளுக்கு ஒரு சொம்பு பாக்கி அல்லவா? மறுவருடம் அவளையும் சண்முகத்தாயையும் அழைத்துக்கொண்டு காசிக்கு ரயிலேறினேன். அதிலிருந்து வருடந்தோறும் ஊரில் தனியாகப் போக முடியாத வயசாளிகளைக் கூட்டிப் போய் வருகிறேன். ஆள் எண்ணுவது, மாத்திரை ஞாபகப்படுத்துவது, படித்துறையில் கைத்தாங்கலாக இறக்குவது. கம்பெனியில்கூட இவ்வளவு வேலை இருந்ததில்லை.

வீட்டில் இன்றுவரை சொல்லிச் சிரிப்பது அந்த முதல் பயணத்தைத்தான். சாயங்காலம் கங்கைக் கரையில் அடுக்குத் தீபத்தை ஏற்றி ஆரத்திக்குத் தூக்கினார்கள். சண்முகத்தாய் என் கையை இறுகப் பற்றினாள். பேச்சியம்மாள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தாள். "பக்திப் பரவசமா?" என்று கேட்கும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் சண்முகத்தாய். "பக்கத்துல ஒரு ஆறே ஓடுது. அதான் பயமா இருக்கு."