நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு

உயிரோடிருந்த ஒரு மனிதருக்கு நான் மலர்வளையம் வைத்திருக்கிறேன். அதுவும் அவர் மூச்சு விடுவதை எண்ணிப் பார்த்த பிறகு.

எழுபதுகளின் நடுவில், கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். மூத்த குமாஸ்தாக்கள் ஆறு பேர். தினம் நான்கு மணிக்கு ஆறு பேரும் சாயா குடிக்கப் போவார்கள். பதினோரு நாளாக என்னைக் கூப்பிடவில்லை. (எண்ணாமல் என்ன செய்வது?) பன்னிரண்டாம் நாள் கிடங்கு மேஸ்திரி தாமுவின் அப்பா இறந்துபோனார். "நீயும் வாடா, ரீத்தைப் பிடி" என்று மலர்வளையத்தை என் கையில் கொடுத்தார் தலைமைக் குமாஸ்தா வேலு சேட்டன். துக்க வீட்டுக்கு அவ்வளவு சந்தோஷமாகப் போனவன் நானாகத்தான் இருப்பேன்.

குழாயடி தாண்டி நாலாவது வீடு என்று சொல்லியனுப்பியிருந்தார் தாமு. வேலு சேட்டன் மூன்றாவதில் நுழைந்தார். ஐந்து பேரும் பின்னால் நுழைந்தார்கள். நானும்.

முன்னறை பெஞ்சில் ஒரு பெரியவர் வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை போர்த்தி மல்லாந்து கிடந்தார். அழுகை இல்லை, ஊதுவத்தி இல்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்குப் பதினாறு. திரும்பினால் ஆறு தலைகளும் குனிந்திருந்தன. ஆறு பேர் துக்கப்படும்போது மூச்சு விடுவது அவருடைய தவறு என்று நானும் குனிந்தேன்.

"வைடா" என்று கிசுகிசுத்தார் வேலு சேட்டன். வைத்தேன். பூவின் ஈரம் கழுத்தில் சொட்ட, பிணம் கண்ணைத் திறந்தது.

"எனக்கு எதுக்குடா ரீத்து?"

உள்ளேயிருந்து வந்த அவர் மகள் எங்களை ஒருமுறை பார்த்தாள். "அப்பா, இவங்க அடுத்த வீட்டுக்கு வந்தவங்க. உங்களைக் கொன்னுட்டாங்க."

பெரியவர் சிரித்ததில் பெஞ்சு ஆடியது. "மூச்சு விடறது தெரியலையா?"

"தெரிஞ்சுது. பதினாறு" என்று உளறிவிட்டேன்.

வேலு சேட்டன் தலையைச் சொறிந்தார். "நானும் கண்டேன்டா. நீங்க எல்லாரும் பேசாம நின்னதும் என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்." விசாரித்ததில் ஏழு பேருமே கண்டிருந்தோம்.

"எனக்கு வச்சதை நானே கொண்டு வரேன்" என்று பெரியவர் ரீத்தைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நாலாவது வீட்டை நோக்கி நடந்தார்.

மறுநாள் நான்கு மணிக்குக் குரல் வந்தது: "எடா பதினாறு, சாயா குடிக்க வா!"

அந்தப் பெரியவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க ஒன்பது தடவை போனேன். "ஒரு தடவை போதாதா?" என்று மகள் கேட்டாள். பத்தாவது தடவை பெண் கேட்கப் போனேன்.

எண்பதுகளில் மாமனார் நிஜமாகவே போய்விட்டார். கூடம் நிறையத் தலைகள் குனிந்தன. நான் மட்டும் குனியாமல், அவர் நெஞ்சையே முழுதாக ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா எண்ணினீங்களா?"

இப்போது நான் மத்தியானம் கண்ணயர்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவள் சத்தமாக எண்ணுகிறாள். பதினாறு வந்ததும் எழுந்து சாயா போடப் போகிறாள்.