ரேச்சலின் தாடைக்கு வைத்த ஜெபக்குறிப்பு

முத்தையாபுரம்

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

தேவபிரசாதம் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே யாரும் சுகமில்லை. போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டு உங்கள் நாசரேத் ஊர் முழுவதற்கும் கேட்க வைப்பாள் என்பதால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

என் மகள் ரேச்சலுக்குப் பிறவியிலேயே முன்பற்கள் கிடையாது என்பது நம் இரண்டு வீட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம். கழற்றி மாட்டும் பல்செட் ஒரு கல்யாணப் பந்தியில் எலும்புக்கறியோடு இலையிலேயே போனதிலிருந்து, பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டே திரிகிறாள். திருகு வைத்துப் பல் கட்டலாம் என்று போனால், பல்லே முளைக்காத தாடை மெலிந்து கிடக்கிறது, திருகு நிற்காது, முதலில் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைக்கவேண்டும் என்றார் டாக்டர். வைத்தார்கள். பல்லுக்குப் போனவள் பணியாரம் மாதிரி வீங்கிய முகத்தோடு நொண்டிக்கொண்டு வந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று நான் சொல்லி வைத்தேன். என் வீட்டுக்காரி கிருபையோ எனக்குத் தெரியாமல் கோயில் பாதிரி ஐயரிடம் ஜெபக்குறிப்பு கொடுத்துவிட்டாள். ஞாயிறு ஆராதனையில் அவர் மைக்கில், "பிறவியிலேயே பல் இல்லாத சகோதரி ரேச்சலுக்கு, இடுப்பெலும்பு தாடையில் பொருந்தும்படி ஜெபிப்போம்" என்று வாசிக்க, சபை கண்ணை மூடாமல் எங்களையே பார்த்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜாபேஸ் அண்ணாச்சி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"மாடிப்படின்னு சொன்னியேலே. ஒனக்கு மாடியே கிடையாதுல்லா."

ஆத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவதாயிருந்தவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. அது போகட்டும். பிள்ளை அறையைவிட்டே வருவதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எலும்பு ஒட்டாவிட்டால் மறுபடியும் இடுப்பில் கைவைப்பார்களாம். தையல் பிரிந்துவிடும், வாய்விட்டுச் சிரிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

"அந்தக் கவலையே வேண்டாம் டாக்டர். எம்மவ சிரிச்சு நானே பாத்ததில்ல" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன், அத்தான்.

ஆகையால் அங்கே யாரிடமும் மூச்சுவிட வேண்டாம். பார்க்கவும் வரவேண்டாம். கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக, எங்கள் வீட்டுப் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்ப்பாராக.

இப்படிக்கு,
தேவபிரசாதம்

பி.கு.: உறையில் போடுமுன் ரேச்சல் இதை எடுத்துப் படித்துவிட்டாள். மாடிப்படி வந்த இடத்தில் சிரித்தாள். வாய்விட்டு. கை வாய்க்குப் போகவேயில்லை. இரண்டு தையல் பிரிந்து ஒரே ரத்தம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எலும்பு தப்புமா தெரியவில்லை. உள்ளே டாக்டர் ஏசுகிறார், அவள் இன்னும் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். அக்காவிடம் சொல்லுங்கள், ஸ்பீக்கரிலேயே போடச் சொல்லுங்கள்.