நூற்றிருபது அடிக் கன்று

ஒரு காட்டில், மழை தவறினாலும் சுற்றறிக்கை தவறாத ஒரு காட்டில், கொம்பையா என்றொரு இருவாச்சிப் பறவை இருந்தது. அதன் மனைவி பேச்சி, ஓங்கி வளர்ந்த ஒரு வெடிப்பலா மரத்தின் பொந்தில் அடைகாத்தது. இருவாச்சிக் குல வழக்கப்படி, பேச்சி உள்ளே போனதும் பொந்தின் வாயை மண்ணால் பூசி அடைத்தாயிற்று. அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் மிச்சம். குஞ்சு வளரும்வரை பேச்சி வெளியே வர முடியாது. வந்தாலும் சிறகு உதிர்ந்திருப்பதால் பறக்க முடியாது. கொம்பையா அத்திப்பழம் கொண்டுவந்து கீறல் வழியாகக் கொடுக்க வேண்டும். அதே கீறல் வழியாகத் திட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முட்டை பொரிந்த வாரத்தில், மரத்தின் அடியில் சிவப்பு மையால் ஓர் எண் எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். வருடத்துக்கு வருடம் வெயில் ஏறுகிறதே என்று சிங்கராஜா கவலைப்பட்டார். காடு வளர்த்தால் பூமி குளிரும் என்றார்கள் அறிஞர்கள். அரசவை பெரிய நிதி ஒதுக்கியது. லட்சம் கன்று நட ஆணை பிறந்தது. கன்று நடக் காலி இடம் வேண்டுமே! காட்டில் எங்கே பார்த்தாலும் மரம். ஆகவே முதலில் மரங்களை வெட்டுவது என்று முடிவாயிற்று.

கொம்பையா திட்ட அலுவலகத்துக்குப் பறந்தது. முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் சர்வர் இருந்தது, அதிகாரி நரி இல்லை.

"ரெண்டு நாளா ஆளைக் காணோம். ஆபீஸ்லயே கூடு கட்டிட்டீங்களா?" என்றது கீறலுக்குள்ளிருந்து பேச்சி.

மூன்றாம் நாள் இரண்டும் இருந்தன.

"ஐயா, வெள்ளிக்கிழமை எங்க மரத்தை வெட்டப் போறாங்களாம். உள்ளே என் பெண்டாட்டியும் குஞ்சும் இருக்காங்க."

நரி பதிவேட்டைப் புரட்டியது. "யார் நட்ட மரம்?"

"யாரும் நடலைங்க. எங்க முன்னோர் துப்பின விதை."

"நட்ட தேதி இல்லையா? அப்போ பதிவேட்டுப்படி அங்கே மரமே இல்லையேய்யா. இல்லாத மரத்தை எப்படி வெட்டுவாங்க? தைரியமாப் போ."

"அப்போ அந்தச் சிவப்பு எண்?"

"அது காலி இடத்தோட எண்."

தலை சுற்றி வெளியே வந்த கொம்பையா, வாசலில் இருந்த ஒரு குச்சியின் மேல் உட்காரப் போனது. காவலுக்கு நின்ற காட்டுப்பன்றி பாய்ந்து வந்தது.

"ஏய்! ராஜா நட்ட கன்றுய்யா அது! சேதமாச்சுன்னா ஆறு மாசம் உள்ளே போகணும்."

"காஞ்சு போச்சேண்ணே?"

"காஞ்சா என்ன? பதிவாயிருக்குல்ல!"

கொம்பையா அந்தக் குச்சியை நெடுநேரம் பார்த்தது. பிறகு உள்ளே திரும்பிப் போனது.

"ஐயா, எங்க மரத்தைக் கன்றுன்னு எழுதிக்கோங்க."

நரி சிரிக்கவில்லை. அதற்கும் ஒரு சங்கடம் இருந்தது. நட்ட கன்றெல்லாம் காய்ந்துவிட்டது. வியாழக்கிழமை ஆய்வுக்கு யானை வருகிறது. காட்டுவதற்கு ஒரு பச்சை இலை கிடையாது.

"உயிரோட இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"நூறு வருஷமா இருக்குங்க."

"வருஷத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே. போன வாரம்தான் நட்டோம்."

வியாழக்கிழமை யானை வந்தது. மரத்தை அண்ணாந்து பார்த்ததில் அதன் தொப்பி பின்னால் விழுந்தது.

"நட்டபோது ரெண்டு அடி. இப்போ நூற்றிருபது. ஒரே வாரத்திலா?"

"காலநிலை மாறிடுச்சில்லைங்களா ஐயா!" என்றது நரி.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பேச்சி கத்தியது: "ஏங்க, பழம் எங்கே? பிள்ளை பசியில சாகுது!"

யானை காதை விரித்தது. "கன்று பேசுதா?"

"தண்ணி கேக்குதுங்க," என்றது கொம்பையா.

யானை தலையாட்டியது. பிறகு அதன் முகம் கடுமையானது. "எல்லாம் சரி. கூண்டு எங்கேய்யா? ஆடு மேய்ஞ்சுட்டா யார் பதில் சொல்றது?"

அன்று மாலைக்குள் நூற்றிருபது அடிக் கன்றைச் சுற்றி இடுப்புயரத்துக்கு மூங்கில் கூண்டு எழுந்தது. ராஜா பெயரும் நட்ட தேதியும் போட்டுப் பலகை மாட்டினார்கள். காட்டுப்பன்றி காவலுக்கு வந்தது. வெட்டும் ஆணை ரத்தாயிற்று.

செய்தி பரவியது. அணில் தன் மருதமரத்தைப் பதிந்தது, மந்தி தன் ஆலமரத்தை. மரம் வெட்ட வந்த கரடிகள் மூங்கில் பிளக்கப் போயின. ஒரே பருவத்தில் அடர்காடு எழுப்பிய அதிசயத்தைக் கற்றுக்கொள்ள அயல்நாட்டு ஓநாய்கள் குறிப்பேட்டோடு வந்தன.

பேச்சி பூச்சை உடைத்துக்கொண்டு குஞ்சோடு வெளியே வந்தது. பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தது.

"ஏங்க, நான் உள்ளே போய் மூணு மாசமாச்சு. மரம் நட்டு ரெண்டு மாசம்தான்னு போட்டிருக்கு. அப்போ நான் எதுக்குள்ளே போனேன்?"

கொம்பையா கீழே நின்ற காவலை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"மெதுவாப் பேசு. நீ உள்ளேயே போகலை. அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நீதி: மரத்தை வளர்ப்பவை மண்ணும் மழையும், நிற்க வைப்பது நட்ட தேதி. ஆகவே, பிள்ளைகளே, எங்கேனும் பழைய மரத்தைக் கண்டால், அதை நேற்றுத்தான் நட்டதாக உடனே சொல்லிவிடுங்கள்.