கனிவான கவனத்திற்கு

கைப்பையின் வாரைப் பொடிசின் கையிலிருந்து பிரித்தெடுக்கவே நான்கு நிமிடம் ஆனது. மூன்று வயதுக் குழந்தைக்கு அப்படி ஓர் உடும்புப் பிடி. ஒரு விரலைப் பிரித்தால் மற்ற நான்கும் இன்னும் இறுகின.

"போகாதேம்மா! அம்மா, போகாதே!"

"போகலடா செல்லம். சும்மா போயிட்டு வந்துடுறேன்."

போகவில்லை என்பதையும் போய்விட்டு வருகிறேன் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னதை அவளே கவனிக்கவில்லை. காப்பகத்தின் ஆயாம்மா வந்தார். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிய பிறகும் அலறல் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்தது. குழந்தையைச் சேர்த்து இது மூன்றாவது வாரம். தினமும் காலையில் இதே கூத்துதான்.

அவள் வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் கண்ணாடி அறை, ஒரு மைக், நிலையம் முழுக்கப் பதினான்கு ஒலிபெருக்கி. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று பதினோரு வருடமாக அவள்தான் சொல்லிவருகிறாள். அவள் சொன்னால் முந்நூறு பேர் மூட்டை முடிச்சோடு எழுந்து நடப்பார்கள். வீட்டில் அவள் சொன்னால் ஒருவர்கூட எழுந்து விளக்கை அணைக்க மாட்டார், அது வேறு விஷயம்.

அன்று திங்கட்கிழமை. அவள் போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபத்தைந்து. எட்டேகால் வண்டி ஐந்தாம் நடைமேடையிலிருந்து கிளம்பிப் போயிருந்தது. அறிவிப்பு சொல்ல ஆளில்லாததால், அதில் போக வேண்டியவர்களில் பாதிப் பேர் இரண்டாம் நடைமேடையில் நின்று மேலாளரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மேலாளர் மாடியேறி வந்தார்.

"மேடம், எனக்குப் புரியாம இல்ல. நானும் ரெண்டு பிள்ளை பெத்தவன்தான்."

"பெத்தது அவர் சம்சாரம்" என்றாள் அவர் பின்னாலேயே வந்த டிக்கெட் கவுன்ட்டர் அக்கா, தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதாக நினைத்துக்கொண்டு.

மேலாளர் அதைக் காதில் வாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை மெஷின் கம்பெனிக்காரங்க வர்றாங்க. கம்ப்யூட்டரே அறிவிப்பு சொல்லுமாம். அதுக்கு லீவு வேண்டாம், டீ வேண்டாம். முக்கியமா, அதுக்குக் குழந்தை இல்ல. அதுக்குள்ள இன்னும் ரெண்டு நாள் இப்படி ஆச்சுன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. தான் சொல்வதை ஊரே நின்று கேட்கும் இடம் அது ஒன்றுதான்.

மதியம் கவுன்ட்டர் அக்கா யோசனை சொன்னாள். "கேட்ல நின்னு கொஞ்சிக்கிட்டிருந்தா இப்படித்தான். ஏதாவது வேடிக்கை காட்டு. அவ அந்தப் பக்கம் திரும்புறப்ப நழுவிடு. என் பையனை அப்படித்தான் பழக்கினேன்."

"அவன் அழலையாக்கா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான்தான் நழுவிட்டேனே!"

செவ்வாய்க்கிழமை அவள் நழுவினாள். சுவரில் ஊர்ந்த எறும்பு வரிசையைக் காட்டிவிட்டு, பொடிசு எண்ண ஆரம்பித்ததும் ஓட்டம் பிடித்தாள். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மைக் முன்னால் உட்கார்ந்தாயிற்று. மேலாளர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளுக்குத்தான் திருட்டுத்தனம் செய்த மாதிரி நாள் முழுக்க இருந்தது.

சாயங்காலம் பொடிசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன் சொல்லாம போனே? தனியாப் போயிட்டே!"

அதற்குப் பிறகு அம்மாவைக் கண்ணிலிருந்து விடவில்லை. சமையலறைக்குப் போனால் பின்னால் வந்தாள். துணி மடிக்கப் போனால் கூடவே வந்து உட்கார்ந்தாள். குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு அடியில் ஐந்து சின்ன விரல் தெரிந்தது.

"அம்மா, உள்ள இருக்கியா?"

"இருக்கேன்டா."

"என்ன பண்றே?"

"குளிக்கிறேன்."

"சரி. குளி."

அரை நிமிடம் கழித்து மறுபடியும், "அம்மா, உள்ள இருக்கியா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது என்று கணவனிடம் புலம்பினாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். உலகத்தில் எல்லாப் பிரச்சனையும் பார்வைக் கோளாறுதான் என்பது அவன் கட்சி.

"நாளைக்கு நான் கொண்டு விடுறேன். நீ ரொம்ப உணர்ச்சிவசப்படுறே. குழந்தைங்களுக்கு ஒரு உறுதி வேணும்."

புதன்கிழமை எட்டே முக்காலுக்கு அவன் போன் செய்தான்.

"முடிஞ்சுது. அழவே இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல. டாட்டா காட்டிட்டு உள்ள ஓடிட்டா."

"திரும்பிப் பார்த்தாளா?"

"எதுக்குப் பார்க்கணும்? நான் என்ன வெளிநாட்டுக்கா போறேன்?"

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. அவனிடம் அழவில்லை, தன்னிடம் மட்டும் அழுகிறாள் என்றால் கோளாறு தன்னிடம்தானே? அவள் போனில் ஒரு தாய்மார் குழு இருந்தது. அதில் நூற்று நாற்பது அம்மாக்கள், நூற்று நாற்பத்தோரு கருத்துகள். விஷயத்தைப் போட்டாள். 'உன் மேல உயிரா இருக்கா, அதான் அழுறா' என்று முப்பது பேர் எழுதினார்கள். 'தாயிடம் மட்டும் அழும் குழந்தை, தாயை நம்பாத குழந்தை' என்று ஒருத்தி எழுதினாள். அந்த முப்பதும் உடனே மறந்துபோயிற்று. இந்த ஒன்று மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

சரியாக அந்த நேரத்தில் ஒன்பது மணி வண்டியை அறிவிக்க வேண்டியிருந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டிய பேருந்து... இரண்டாம் நடைமேடையிலிருந்து..."

குரல் உடைந்தது. ஒரு விசும்பல் பதினான்கு ஒலிபெருக்கி வழியாகவும் வெளியே போனது.

"...புறப்படப்... போகிறது."

ஒருவரும் ஏறவில்லை. ஏறி உட்கார்ந்திருந்தவர்களும் இறங்கினார்கள். ஒரு பெரியவர் ஓட்டுநரின் தோளில் கை வைத்து, "பிரேக்கெல்லாம் சரியா இருக்கா தம்பி? எதுவா இருந்தாலும் சொல்லிடு" என்றார். ஓட்டுநருக்கே சந்தேகம் வந்து, வண்டியை மூன்று முறை சுற்றி வந்து எல்லாச் சக்கரத்தையும் உதைத்துப் பார்த்தார். வண்டி கிளம்பும்போது ஒன்பதரை ஆகியிருந்தது.

மேலாளர் இந்த முறை நீளமாகப் பேசவில்லை. "மேடம், மெஷின் அழாது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த யோசனையும் கணவனுடையதுதான். தினமும் கொண்டு விடக் கடை விடாது; ஆனால் யோசனைக்குச் சளைக்காத ஆள் அவன். வயிற்றில் குட்டி ஒலிபெருக்கி வைத்த ஒரு பொம்மை முயலை வாங்கி வந்தான். நகமளவு மெமரி கார்டில் எதையாவது பதிவு செய்து செருகினால், வயிற்றை அமுக்கும்போதெல்லாம் பேசும்.

"உன் குரல் கூடவே இருந்தா அவ ஏன் அழப் போறா? அப்படியே ஆபீஸுக்கும் ஒண்ணு பதிவு பண்ணிடு. பொதுவா சொல்றதெல்லாம் அதுவே சொல்லட்டும். நீ கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் யாருக்கும் தெரியாது."

உண்மையிலேயே நல்ல யோசனை. அதனால்தான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து இரண்டையும் பதிவு செய்தாள். இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு கார்டு. பையின் இடது அறையில் வீடு, வலது அறையில் ஆபீஸ் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, காப்பகத்துக் கேட்டில் வழக்கமான இழுபறி. பொடிசு வாரை இழுத்த இழுப்பில் பை தலைகீழாகக் கவிழ்ந்தது. சீப்பு, சாவி, சில்லறை, இரண்டு கறுப்பு கார்டு எல்லாம் தரையில். இடது வலது எல்லாம் மண்ணோடு மண்ணாயிற்று. கைக்குக் கிடைத்த கார்டை முயலுக்குள் செருகி, முயலைப் பொடிசிடம் கொடுத்து, பொடிசை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நிலையத்தில் இருந்தாள். மிச்சமிருந்த கார்டை மைக் பக்கத்திலிருந்த அறிவிப்புப் பெட்டியில் செருகினாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகப் பேசும்படி வைத்தாள். மேலாளர் கூப்பிட்டனுப்பியதால் கதவைச் சாத்திவிட்டுக் கீழே போனாள். அது சாத்தினால் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே பையில் இருந்தது.

மேலாளர் அறையில் மெஷின் கம்பெனிக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். "இவங்கதான் எங்க அறிவிப்பாளர்" என்று மேலாளர் ஆரம்பித்தார். அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது.

"செல்லம், அம்மா பேசுறேன். அழக் கூடாது, என்ன? மூக்கை நோண்டக் கூடாது. சாப்பாட்டைத் துப்பாம சாப்பிடணும். பக்கத்துல இருக்கறவங்களைக் கடிக்கக் கூடாது. ஒண்ணுக்கு வந்தா அடக்கி வைக்காம உடனே போயிடணும். சமர்த்தா இரு. அம்மா சீக்கிரம் வந்துடுவேன். உம்மா!"

அவள் மாடிக்கு ஓடினாள். கதவு திறக்கவில்லை. மாற்றுச் சாவியைக் காவலாளி தேடி எடுத்து வருவதற்குள் அது இன்னும் இரண்டு முறை பேசிவிட்டது. மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் மூக்கிலிருந்து விரலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். கழிப்பறை வாசலில் திடீரென்று வரிசை நீண்டிருந்தது. பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து மெல்ல மென்றார்.

கதவு திறந்ததும் பைக்குள்ளிருந்து போன் அடித்தது. காப்பகத்து மிஸ்.

"ஏம்மா, உங்க முயல் என்னம்மா பேசுது?"

"என்ன பேசுது மிஸ்?"

"உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்புங்குது! இருபத்திரண்டு பிள்ளைங்களும் பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குங்க. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீங்கன்னு சொல்லிச்சாம், ஒண்ணும் பொம்மையைத் தொட மாட்டேங்குது. அதுகூடப் பரவாயில்லம்மா. வண்டிகள் தாமதமாக வரக்கூடும், சிரமத்திற்கு வருந்துகிறோம்னு ஒண்ணு சொல்லிச்சு பாருங்க. அம்மா வர லேட்டாகும்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். இப்ப மொத்தமும் அழுதுக்கிட்டிருக்கு!"

"என் பொண்ணும் அழுறாளா மிஸ்?"

"இந்தச் சத்தத்துல யார் அழுறா, யார் அழலைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேலாளர் வாசலில் நின்றார். கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அவர் முகத்தில் இரக்கம் இருந்தது.

"மேடம், என் வாயால சொல்ல வேண்டாம்னு பார்க்குறேன். நாலு மணிக்குள்ள நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க."

அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள். 'என் மகளுக்கு இப்போது நான் தேவைப்படுவதால்' என்று ராஜினாமாக் கடிதம் தொடங்கியது. பதினோரு வருடம் நாலு வரியில் முடிந்தது. அழுகை வந்தது. முதல் காரியமாக மைக்கை அணைத்துவிட்டு அழுதாள். தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக் காப்பகத்துக்குக் கிளம்பினாள். குழந்தையைக் கையோடு கூட்டிவந்துவிட்டு, அப்புறம் கடிதத்தைக் கொடுத்துவிடலாம்.

காப்பகத்தில் சத்தமே இல்லை. பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். ஆயாம்மா மட்டும் கேட்டோரம் நின்று, ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆயாம்மா, பாப்பாவை எழுப்பிக் கொடுங்க. இனிமே அவ இங்க வர மாட்டா."

"ஏம்மா?"

"நான் வேலையை விடுறேன். தினமும் அவ இப்படிக் கதறுறதைக் கேட்டுட்டு என்னால போக முடியல. பெத்த பிள்ளையை அழவிட்டுட்டு அப்படி என்ன பெரிய வேலை?" அவள் மடித்த தாளைக் காட்டினாள்.

ஆயாம்மா கையிலிருந்த துணியைத் திரும்ப வாளியில் போட்டார்.

"வேலையையா விடுறீங்க? ஐயையோ. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பாப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா இதுக்கு மேல சொல்லாம இருந்தா பாவம். நீங்க தெருமுனை திரும்புறவரைக்கும்தாம்மா அந்த அழுகை. 'அம்மா போயாச்சா?'ன்னு கேப்பா. போயாச்சுன்னு சொன்னதும் இடுப்பை விட்டு இறங்கி விளையாடப் போயிடுவா. இன்னிக்கு அத்தனை பிள்ளைங்க அழுதப்பகூட இவதான் ஒவ்வொண்ணுக்கா மூக்கைத் துடைச்சு விட்டா."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்போ தினமும் எதுக்கு அழுறா?"

"முதல் நாள் அவ சிரிச்சுக்கிட்டே உள்ள ஓடி வந்தா, நீங்க இந்தக் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதீங்களேம்மா. மறுநாள் அவ அழுதா, நீங்க கண்ணைக் கசக்காம போனீங்க. 'நான் அழுதாத்தான் அம்மா அழாம வேலைக்குப் போவா, ஆயாம்மா'ங்குறா."