வெள்ளைமுடியா, சமையல்காரனா?

"அட, நீங்களும் நம்ம கட்சியா!" என்றார் பல் டாக்டர், கையில் ஊசியோடு.

எந்தக் கட்சி என்று மாஸ்டருக்குத் தெரியாது. ஆனால் ஊசி பிடித்திருக்கும் ஒரு மனிதரிடம் "இல்லை" என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. வாயைத் திறந்தபடியே பலமாகத் தலையாட்டினார்.

மாஸ்டர் என்றால் கராத்தே மாஸ்டர் இல்லை, டான்ஸ் மாஸ்டரும் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில், பக்கத்து இருக்கையில், காலடியில் இருக்கும் உபரி பிரேக் ஒன்றை மட்டும் நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர். அந்தப் பழக்கத்தில், பல் டாக்டரின் நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்ததிலிருந்து அங்கே இல்லாத ஒரு பிரேக்கை அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் பை. கடைவாய்ப் பல் வலியில் கண் மண் தெரியாமல் கிளம்பியவர், தன் பை என்று நினைத்து மகளுடைய பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேட்ஜ். பேட்ஜில் சுத்தியல் பிடித்த ஒரு பெண். பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு பையன் அவளிடம் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் முகத்தில் பாதி கண்தான்.

வீட்டில் சாப்பிடும்போது காதில் விழுந்த வரைக்கும் மாஸ்டருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மகள் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றைப் பார்க்கிறாள். அதில் ஒரு பெண் பட்டறை வைத்து வாள் அடிக்கிறாள். அவளைச் சுற்றி இரண்டு பையன்கள். ஒருவன் சமையல்காரன், சின்ன வயதிலிருந்தே கூட இருப்பவன். இன்னொருவன் வெள்ளைமுடி வைத்த வாள்வீரன், எப்போதாவது வந்து போகிறவன். அவள் யாரோடு சேர வேண்டும் என்பதில் உலகமே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மகளின் தோழி ஒருத்தி இதனால் இவர்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே உற்சாகமானார். "சமையல்காரன்தான் சார் சரி. எப்பவும் பக்கத்துலயே இருக்கான். அவ கை நீட்டறதுக்கு முன்னாடி சுத்தியல எடுத்துக் குடுக்கறான். அதவிட என்ன வேணும், சொல்லுங்க?"

மாஸ்டர் "ஆ" என்றார்.

"பாத்தீங்களா சிஸ்டர்? பேஷண்டே சொல்றாரு!"

அந்தப் பக்கம் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்து நின்றிருந்த நர்ஸ் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. குழாய் அவருடைய கன்னத்தின் உள்பக்கத்தை 'சுர்ர்' என்று இழுத்துப் பிடித்தது.

"பக்கத்துல இருந்தா ஆச்சா டாக்டர்?" என்றாள். "சுவரு கூடத்தான் பக்கத்துல இருக்கு. வெள்ளைமுடி ஒரே ஒரு தடவ வந்தான். மழையில நின்னான். 'உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். உங்க சமையல்காரன் இத்தன வருஷமா என்ன சொன்னான்? 'சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடு.' அவ்வளவுதான!"

"அதுலயே எல்லாம் இருக்கு சிஸ்டர்."

"ஒண்ணும் இல்ல. சூடுதான் இருக்கு."

மாஸ்டருக்கு நாக்கு மரத்துக்கொண்டு வந்தது. டாக்டர் துளையிடும் கருவியை எடுத்தார். கருவி ஒருவர் கையில், குழாய் இன்னொருவர் கையில், நடுவில் தன் வாய். இருவரில் யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது என்று புரிந்தது. டாக்டர் விளக்கைத் திருப்புவதற்காகத் தலையைத் திருப்பிய நேரம் பார்த்து, மார்பில் விரித்திருந்த துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து, நர்ஸைப் பார்த்து ரகசியமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

குழாய் உடனே மென்மையானது. மாஸ்டருக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது.

அது ஒரு பல் அளவுக்குக்கூட நீடிக்கவில்லை. நர்ஸ் பஞ்சு எடுக்கத் திரும்பியவள் பையைப் பார்த்துவிட்டாள். "டாக்டர், இந்தப் பக்கம் பாருங்க! பையோட பின்னாடி வெள்ளைமுடி பேட்ஜ்! சார் நம்ம ஆளுதான். இப்பகூட எனக்குக் கட்டைவிரல் காட்டினாரு."

கருவி நின்றது. டாக்டர் மெதுவாக முகத்தை அருகில் கொண்டுவந்தார்.

"சார். நீங்க சமையலா, வெள்ளைமுடியா?"

மாஸ்டர் "ஆ" என்றார். இதற்கு முன்பும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் இந்த முறை அது எடுபடவில்லை.

"ரெண்டு பக்கமும் பேசறவங்கள எனக்குப் பிடிக்காது," என்று டாக்டர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, மீண்டும் துளையிடத் தொடங்கினார். மாஸ்டரின் கால் பிரேக்கை அடிவரை மிதித்தது. செருப்பு ஒன்று கழன்று போய் விழுந்தது.

அப்போது, வரும்போது பைக்குள் போட்டிருந்த அவருடைய கைபேசி அடித்தது.

"'மகள்'னு வருது, எடுத்துப் பேச வெக்கட்டுமா?" என்றாள் நர்ஸ். மகள் நிச்சயம் இந்தச் சிக்கலை அவிழ்ப்பாள் என்று நம்பி மாஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார். நர்ஸ் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அப்பா! என் பைய ஏன் தூக்கிட்டுப் போனீங்க?"

"அப்பா வாயத் திறந்து வெச்சிருக்காரும்மா," என்றார் டாக்டர். "நான் டாக்டர் பேசறேன். உங்கப்பா அந்தத் தொடர்ல எந்தக் கட்சி?"

"எங்கப்பாவா? அவரு ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்ல. வெள்ளைமுடிய எங்க வீட்டுல அவரு 'அந்தத் தாத்தா'ன்னு சொல்லுவாரு."

இரண்டு ஜோடிக் கண்களும் மாஸ்டரை நோக்கி இறங்கின. மாஸ்டர் விளக்கைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுவும் இல்லாம," மகள் நிறுத்தவில்லை, "இனிமே எந்தக் கட்சியா இருந்தா என்ன? நேத்து வந்த அத்தியாயத்துலதான் அவ பட்டறைய மூடிட்டுப் படகு ஏறிப் போயிட்டாளே! தனியா!"



"ஐயோ, நாங்க மத்தியானம் பார்க்கலாம்னு வெச்சிருந்தோம்!" டாக்டரும் நர்ஸும் ஒரே குரலில் அலறினார்கள். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"சாரி! நான் வெக்கறேன்!" என்று மகள் ஓடிவிட்டாள். தப்பித்து ஓடக் கால் இருப்பவர்கள் பாக்கியசாலிகள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

"போயிட்டாளா?" என்றார் டாக்டர் யாரிடமோ. "சமையல்காரன் என்ன பண்ணியிருப்பான்?"

"என்ன பண்ணியிருப்பான்? கரையில டிபன் டப்பாவோட நின்னிருப்பான்." நர்ஸ் குழாயை மாஸ்டரின் உதட்டில் கொக்கி மாதிரி மாட்டிவிட்டுக் கையுறைகளைக் கழற்றினாள். குரல் மாறிவிட்டிருந்தது. "நானும் சொல்லணும்னு நெனச்சிட்டே இருந்தேன் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க. அடுத்த மாசத்துலேருந்து வரச் சொல்றாங்க. போகலாம்னு இருக்கேன்."

டாக்டர் கையில் கருவி சும்மா சுழன்றுகொண்டிருந்தது.

"அப்படியா," என்றார். "நல்ல ஆஸ்பத்திரி. பார்க்கிங் வசதியெல்லாம் இருக்கு."

"அவ்வளவுதானா டாக்டர்?"

டாக்டர் தீவிரமாக யோசித்தார். "கேன்டீனும் நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

நர்ஸ் கழற்றிய கையுறைகளைக் குப்பைக்கூடையில் போட்டாள். போட்டாள் என்பதைவிட அறைந்தாள் என்பது சரி. கதவை நோக்கித் திரும்பினாள்.

மாஸ்டருக்கு இரண்டு கவலை. பாதி தோண்டிய பல்லோடு கிடக்கிறோம் என்பது ஒரு கவலை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை, ஒரு பையை மாற்றி எடுத்து வந்த பாவத்துக்கு இந்தப் பெண் வேலையை விட்டே போகிறாளே என்பது. அவள் கண்கள் சிவந்திருந்தன. டாக்டரோ, மேஜை மேல் வரிசையாக இருந்த கருவிகளை எடுத்து, அதே வரிசையில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் முழித்த அந்த முழியை மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். கார் ஓட்டப் பழக வருகிறவர்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. ஆக்சிலரேட்டரை மாங்கு மாங்கு என்று அமுக்குவார்கள். இன்ஜின் ஊரைக் கூட்டும். ஆனால் இடது கால் கிளட்சை விடாது. விட்டால் வண்டி நகர்ந்துவிடுமே என்ற பயம். கேட்டால், "எல்லாம் சரியாத்தான மாஸ்டர் பண்றேன்?" என்பார்கள்.

மாஸ்டர் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"கியச்ச வியுங்க ஆக்டர்!" என்று கத்தினார்.

"கொப்புளிக்கணுமா?" என்றார் டாக்டர்.

"கியச்சு! கியச்சு!" மாஸ்டர் இடது காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். "மெ...துவா... வியுங்க! வண்டி... ஓகும்!"

டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார். கதவின் கைப்பிடியில் இருந்த நர்ஸின் கையைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. மாஸ்க்கைக் கீழே இறக்கினார். நெற்றி முழுக்க வியர்வை.

"சிஸ்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விழுங்கிவிட்டார். "நீங்க போயிட்டா... என்னால ஒரு பல்லக்கூட அடைக்க முடியாது."

மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி நகர்ந்த மாதிரியும் இருந்தது, நின்றுபோன மாதிரியும் இருந்தது.

நர்ஸ் கைப்பிடியை விட்டாள். பிறகு திரும்பி வந்து, பெட்டியிலிருந்து புதிய கையுறைகளை உருவி ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள். விளக்கைச் சரிசெய்தாள்.

"வாயத் திறங்க," என்றாள்.

யாரிடம் சொன்னாள் என்று தெரியாததால் மாஸ்டரும் திறந்தார், டாக்டரும் திறந்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே கருவிகள் அவர் கைக்கு வந்தன. பல் அடைபட்டது. 'போறேன்' என்று சொன்னவள் போகிறாளா இல்லையா என்று கேட்க மாஸ்டருக்கு வாய் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை, பாதி மரத்திருந்தது. கழன்ற செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, இரண்டு பேட்ஜும் தெரியாதபடி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வரவேற்பறையில் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். மாஸ்டர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். தன் ஒரு பல்லுக்காக இவ்வளவு பேர் காத்திருந்திருக்கிறார்கள்!

"சத்தம் கேட்டுச்சே, உள்ள என்ன ஆச்சு?" என்றாள் பின்னல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மாள்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் மாஸ்டர் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். பையை, கட்டைவிரலை, படகை, பெரிய ஆஸ்பத்திரியை. மரத்த நாக்கோடு சொன்னதால் சில இடங்களை இரண்டு தரம் சொல்லவைத்தார்கள். டாக்டர் பேசிய கடைசி வாக்கியத்தை மூன்று தரம்.

"அவரு 'சிஸ்டர்'னு சொன்னாரா, சொல்லலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் அம்மாள், ஊசியை ஓங்கியபடி.

"ஆரம்பிச்சாரு... முடிக்கல."

அறையில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மறுபாதியிலிருந்து ஒருவர் எழுந்து, "அது பல்லப் பத்தின பேச்சுங்க, வேற ஒண்ணும் இல்ல!" என்று கத்தினார். "மாஸ்க்க எறக்கினாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று எதிர்வரிசை சீறியது. வரவேற்பு மேஜைக்காரி மணியை அடித்து, "உள்ள கேக்கப் போகுது, மெதுவா!" என்றாள்.

வலி மனிதர்களை இப்படியெல்லாம் ஆக்கிவிடுகிறதே என்று மாஸ்டர் கலங்கிப்போனார். கைகளைக் கூப்பினார்.

"என்ன மன்னிச்சிடுங்க. என்னாலதான் இவ்வளவு நேரமாயிடுச்சு. பாவம், எல்லாரும் வலியோட உக்காந்திருக்கீங்க. அடுத்து யாரு, உள்ள போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. மூலையில் இருந்த பெரியவர் மட்டும் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் வாயிலிருந்து மொத்தமாகக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு, பொக்கை வாயால் சிரித்தார்.

"வலியா? எனக்குச் சொந்தமா ஒரு பல்லு கிடையாது சார். இவங்க ரெண்டு பேரும் எப்பத்தான் சேருவாங்கன்னு பார்க்க, நாங்க அத்தன பேரும் வாராவாரம் டோக்கன் போட்டுட்டு வந்து உக்கார்றோம்."